அறிவுச்செல்வன் விட்டுப்போன பாதி வரி

1.

இந்தக் கதை ஒரு வசவில் பிறந்தது. வைதவன் நான்.

ஆலங்குடிக்குக் கிழக்கே எனக்குக் கொஞ்சம் கடலைக் கொல்லையும் ஒரு போர்வெல்லும் உண்டு. எழுத்தாளன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டாலும் மோட்டார் போட நான்தான் போயாக வேண்டும். எங்கள் பக்கம் த்ரீ பேஸ் கரண்டு எப்போது வரும், எப்போது போகும் என்று ஒருத்தருக்கும் தெரியாது. டூ பேஸ் மட்டும் வந்தால் வீட்டில் விளக்கு எரியும், மோட்டார் சும்மா உறுமிக்கொண்டு நிற்கும். இதற்காகச் சிலர் சேர்ந்து செல்போனுக்கு ஒரு ஆப் செய்து இலவசமாக விட்டிருக்கிறார்கள். ‘கரண்டு வந்துருச்சா’ என்று பேர். கொல்லையில் இருக்கிற யாராவது ஒருவர் கரண்டு வந்ததைப் பார்த்து ஒரு தட்டுத் தட்டினால், அந்த லைனில் உள்ள எல்லார் போனும் மணியடிக்கும்.

ஒருநாள் மணியடித்தது. சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு, மண்டையைப் பிளக்கிற வெயிலில் ஓடினேன். போய்ப் பார்த்தால் டூ பேஸ். எவனோ அவசரக்குடுக்கை தட்டியிருக்கிறான். ஆப்பில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, எடுத்தது யார் என்றுகூடக் கேட்காமல் வாய்க்கு வந்தபடி பேசித் தீர்த்தேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட ஒரு பெண்குரல், “சாப்பாட்ட முடிச்சுட்டீங்களாண்ணே, இல்ல இனிமேதானா?” என்றது. அதோடு என் கோபம் போன இடம் தெரியவில்லை.

அவர்தான் கலைமதி. ஆலங்குடி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வீடு. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். அந்த ஆப்பைச் செய்கிற கூட்டத்தை நடத்துவதும் அவர்தான். கூட்டம் என்றால் ஒரே இடத்தில் உட்கார்ந்திருப்பவர்கள் அல்ல, ஆளுக்கொரு திக்கில் கிடப்பவர்கள். சம்பளம் கிடையாது. எழுதிய ப்ரோக்ராமைப் பூட்டி வைப்பதும் கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், தங்கள் ஊருக்குத் தக்கபடி மாற்றிக்கொள்ளலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீடியோ காலில் கூடிச் சேர்ந்து எழுதுகிறார்கள். நீங்களும் வந்து பாருங்கள், எங்கே தப்பு நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும் என்று சொல்லி எனக்கு லிங்க் அனுப்பினார்.

போனேன். பேர் போடத் தெரியாமல் ‘கெஸ்ட்’ என்று உள்ளே நுழைந்து, மைக்கை மூடத் தெரியாமல், என் ஆட்டுக்குட்டி கத்துவதை அத்தனை ஊருக்கும் ஒலிபரப்பினேன். (இந்தக் ‘கெஸ்ட்’ பின்னால் மறுபடியும் வரும். அப்போது யாரும் என்னைச் சந்தேகப்படக் கூடாது என்றுதான் இப்போதே சொல்லி வைக்கிறேன்.)

2.

எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் முட்டி மோதிய வரிகள் இவை. அழிக்க மனசில்லை.

‘கலைமதி லேப்டாப்பைத் திறந்தபோது வெளியே மழை’ — இல்லை. எங்கள் பக்கம் மழை பெய்தால் அதுவே தனிக் கதை.

‘தொழில்நுட்பம் மனிதர்களை நெருங்கச் செய்கிறதா, அல்லது’ — சீ, பட்டிமன்றம்.

‘கலைமதிக்கு அறிவுச்செல்வனின் முகம் தெரியாது.’ — இது பரவாயில்லை. இதைப் பிடித்துக்கொண்டு நடக்கிறேன்.

கலைமதிக்கு அறிவுச்செல்வனின் முகம் தெரியாது. (கதைக்குள் வந்துவிட்டதால் இனி ‘அவள்’ என்று எழுதுகிறேன். நேரில் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது.) குரல்தான் தெரியும். அவனும் இந்தப் பக்கத்து ஆள்தான். புதுக்கோட்டையில் எலக்ட்ரிகல் படித்துவிட்டு, கத்தாரில் ஏசி மெக்கானிக்காக இருக்கிறான். அங்கே வெள்ளிக்கிழமைதான் லீவு. கூட்டம் வெள்ளிக்கிழமைக்கு மாறியதே அவன் ஒருத்தனுக்காகத்தான். அறையில் பலபேர் ஒன்றாகத் தங்கியிருப்பதால் வீடியோ போடவே மாட்டான். வாட்ஸப் படத்திலும் வீடியோ காலில் அவன் கட்டத்திலும் வீட்டு ஜல்லிக்கட்டுக் காளைதான் நிற்கும். ஆக, இத்தனை வெள்ளிக்கிழமைகளாகக் கலைமதி அந்தக் காளையைப் பார்த்தபடியேதான் அவனோடு பேசி வந்தாள்.

அவர்கள் எழுதும் முறையைச் சொல்லிவிடுகிறேன், கதையே அதில்தான் இருக்கிறது. எல்லாரும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருப்பார்கள். டைப் அடிப்பது ஒருத்தர் மட்டும். அவருக்குப் பேர் ‘கை’. மற்றவர்கள் ‘வாய்’. வாய் சொல்வதைத்தான் கை எழுத வேண்டும், தன் இஷ்டத்துக்கு எழுதக் கூடாது. கொஞ்ச நேரத்தில் கை அடுத்தவருக்கு மாறும். எனக்கு இது முதலில் கிறுக்குத்தனமாகத்தான் பட்டது.* ஆனால் கெட்டிக்காரர் ஒருத்தர் தனியாக ஓடி மற்றவர்களை விட்டுவிடாமல் இருக்க இதைவிட நல்ல வழி இல்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. கூட்டம் முடியும்போது கடைசியாகக் கையாக இருப்பவர் ஒரு வரியைப் பாதியில் விட்டுவிட்டுத்தான் எழுந்திருக்க வேண்டும். அடுத்த வாரம் அந்தப் பாதி வரியிலிருந்துதான் தொடங்குவார்கள். அறிவுச்செல்வன் கொண்டுவந்த வழக்கம் இது. வெறும் பக்கத்தைப் பார்த்தால் உட்காரவே தோன்றாது, பாதியில் நிற்கிற வரியைப் பார்த்தால் கை தானாக ஓடும் என்பது அவன் கட்சி. ‘பாதி வரி வச்சாச்சா?’ என்று கேட்டுவிட்டுத்தான் கலைமதி வீடியோ காலைத் துண்டிப்பாள்.

* எழுத்தாளர்கள் கூடி இப்படி ஒரு கதை எழுதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். முதல் வரியிலேயே கோர்ட்டுக்குப் போய்விடுவோம்.

3.

இந்தக் கதையையும் அவர்கள் பாணியிலேயே எழுதலாமே என்று நெட்டில் போட்டு, கலைமதிக்குத் திறந்து வைத்தேன். வந்தது வினை. நான் ஒரு பத்தி எழுதினால் அவர் ஓரத்தில் நாலு குறிப்புப் போடுகிறார்.

அறிவுச்செல்வனைப் பற்றி நான் முதலில் எழுதியது: ‘கோபமே அறியாத, பசும்பால் மாதிரி மனசுள்ள’ — இங்கேயே நிறுத்தினார். “அண்ணே, அவரு அவ்வளவு நல்லவரெல்லாம் இல்ல. ப்ரோக்ராம்ல அவரு வச்ச ஒரு பேர மாத்தி வச்சேன்னு ஒரு வாரம் எங்கிட்டப் பேசாம இருந்தாரு. சின்னப்புள்ளையாட்டம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவாரு. அதையும் எழுதுங்க.”

எழுதிவிட்டேன். எழுதிய பிறகுதான் தெரிந்தது, இது இல்லாமல் அடுத்த பகுதியே நிற்காது.

அவர் தன்னைப் பற்றி நான் எழுதியதில் திருத்தியது ஒன்றே ஒன்று. ‘பொறுமைசாலி’ என்பதை அடித்துவிட்டு ‘பேர்தான் பொறுமைசாலி’ என்று போட்டார். வைத்துக்கொண்டேன்.

4.

அந்த வெள்ளிக்கிழமை நான் கூட்டத்தில் இல்லை. அறந்தாங்கியில் ஒரு கல்யாணம், பந்தியில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே இனி வருவது கலைமதி சொன்னது. இடையில் உள்ள ஜோடனை மட்டும் என்னுடையது.

கலைமதி, கத்தாரில் அறிவுச்செல்வன், கோயம்புத்தூரிலிருந்து ஷர்லி, குடுமியான்மலையிலிருந்து ஆண்டியப்பன், இவ்வளவு பேர்தான் அன்று. ஷர்லி ஆவுடையார்கோவில் பக்கத்துப் பெண், படுசுறுசுறுப்பு. ஆண்டியப்பன் தபால் ஆபீஸில் இருந்து ரிட்டயர் ஆகி, வீட்டில் சும்மா இருக்க முடியாமல் ப்ரோக்ராம் எழுதப் படித்துக்கொண்டிருப்பவர். கூட்டத்துக்குப் புதுசு. என்னைப் போன்றவர்கள் வைத வசவின் புண்ணியத்தில் அன்றைக்கு வேலை ஒன்றுதான்: ஒருத்தர் தட்டியதுமே ஊரையே ஓட விடாமல் என்ன செய்வது?

தொடங்கிய கொஞ்ச நேரத்தில் அறிவுச்செல்வன் பக்கமிருந்து ஒரே இரைச்சல். அறையில் இருந்தவர்கள் கிரிக்கெட் பார்த்துக் கூப்பாடு போட்டிருக்கிறார்கள். ஷர்லி சொல்வது யாருக்கும் கேட்கவில்லை. கூட்டத்தை நடத்துகிறவள் என்ற முறையில் கலைமதி தன் பக்கத்திலிருந்தே அவன் மைக்கை மூடினாள். இரைச்சல் அடங்கியதும் திறக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். ஷர்லி ஒரு சிக்கலைப் பிடித்துக்கொள்ள, அதில் இறங்கினாள். அடியோடு மறந்தாள்.

அதற்குப் பிறகு அறிவுச்செல்வனிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவன் முறை வந்ததும் கையாக உட்கார்ந்து, சொல்வதை ஒழுங்காக எழுதினான். வாயைத்தான் திறக்கவில்லை. கலைமதிக்கு எரிச்சல் வந்தது. மறுபடி எதற்கோ மூஞ்சியைத் தூக்கிவிட்டார், கெடக்கட்டும், தானாகச் சரியாகும் என்று விட்டுவிட்டாள். முடியும் நேரத்தில் பாதி வரி வைத்தாயிற்றா என்று கேட்டாள். பதில் இல்லை. ஆனால் வரி இருந்தது. நம் பேச்சில் சொன்னால் ‘கரண்டு வந்ததும்’ என்று தொடங்கி, அதோடு நின்றது.

அடுத்த வெள்ளிக்கிழமை அவன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியும் இல்லை.

5.

வாட்ஸப்பில் எழுதினால் ஒற்றை டிக்கோடு நின்றது. போன் போட்டால் சுவிட்ச் ஆப். அவன் வீட்டு நம்பர் யாரிடமும் இல்லை. இத்தனை நெருக்கமாக இருந்துகொண்டு ஊர்ப் பேரைக்கூடச் சரியாகக் கேட்டுக்கொள்ளவில்லையே என்று கலைமதிக்கு வெட்கமாகப் போயிற்று.

வழக்கப்படி அந்தப் பாதி வரியிலிருந்து தொடங்காமல், காரணம் சொல்லாமல் கலைமதி வாராவாரம் தள்ளிப்போட்டு வந்தாள். அது நிற்கிறவரை புது ஆப் ஓடாது. பழசு தவறாக மணியடித்துக்கொண்டே இருக்கும், ஜனங்களும் கொல்லைக்கு வீண் நடை நடந்துகொண்டே இருக்கும். ஷர்லிதான் அவளுக்குத் தனியாகப் போன் போட்டு வழி சொன்னாள். அந்த வரியைத் தனிக் கிளையாக ஒரு ஓரத்தில் எடுத்து வைத்துவிட்டு மேலே போகலாம், கூட்டத்தையும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம், எல்லாருக்கும் வசதி. (ப்ரோக்ராம் தெரிந்த வாசகர்கள் இதைத்தான் இவ்வளவு நேரமாக என்னிடம் கத்திக்கொண்டிருப்பீர்கள்.) சரியான யோசனைதான். கலைமதி ரெண்டுக்கும் மாட்டேன் என்றாள். ஓரத்தில் எடுத்து வைத்தால் ஆளையே எடுத்து வைத்த மாதிரி என்று அவளுக்குப் பட்டது. ‘அவரு வந்து முடிப்பாரு’ என்றாள், கொஞ்சம் கடுகடுப்பாகவே.

வராதவர்கள் பார்க்கட்டும் என்று எல்லாக் கூட்டத்தையும் பதிவு செய்து வைப்பார்கள். ஒரு மத்தியானம், எந்த வார்த்தை அவனுக்குச் சுட்டிருக்கும் என்று கண்டுபிடிக்க, அந்த வெள்ளிக்கிழமையின் பதிவைப் போட்டுப் பார்த்தாள். எழுதத் தொடங்கிவிட்டால் எல்லார் கண்ணும் எழுதுகிற பக்கத்தில்தான் இருக்கும். முகங்கள் மறைந்துவிடும். பதிவில் அவை ஓரமாக வரிசையில் தெரிகின்றன. காளை இருக்க வேண்டிய கட்டத்தில் ஒரு மனிதன் இருந்தான்.

அன்றைக்கு முதல் தடவையாக அவன் வீடியோ போட்டிருக்கிறான். ஒல்லி முகம், கண்ணாடி. கீழே மைக்கின் மேல் சிவப்புக் கோடு, அது மூடியிருப்பதற்கு அடையாளம். அவன் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. அவன் வாய் அசைந்துகொண்டே இருந்தது.

கலைமதி பதிவை முதலிலிருந்து மறுபடி போட்டாள். கையாக உட்காரும் முறை வரும்வரை அவன் பேசிக்கொண்டே இருந்திருக்கிறான். சிரித்துச் சொல்கிறான், நிறுத்துகிறான், மறுபடி சொல்கிறான். கடைசியில் கேமராவை நேராகப் பார்த்து ஒன்று கேட்கிறான். கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறான். அந்த நேரத்தில் கலைமதி ஷர்லியோடு ஏதோ சிரித்துக்கொண்டிருந்தது பதிவில் நன்றாகக் கேட்டது. அதற்குப் பிறகுதான் கையாக உட்கார்ந்து எழுதினான், பாதி வரி வைத்தான், போனான். மூஞ்சியைத் தூக்கியது அவன் இல்லை. பேசப் பேச ஒருத்தரும் திரும்பிப் பார்க்காத இடத்தில் அவனை உட்கார வைத்தது தான்தான் என்று அவளுக்கு விளங்கியது. டேபிளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள்.

அவன் என்ன கேட்டான்? இந்தக் கதையில் எனக்குப் பெரிய சங்கடம் இதுதான். பாத்திரத்தின் வாய் அசைகிறது, வசனம் என் கையில் இல்லை. முயன்று பார்த்தேன்.

அ) ‘ஊருக்கே வந்துரலாம்னு பாக்குறேன். அங்கிட்டு எதாச்சும் வேலை’ — நம்பும்படி இருக்கிறது. ஆனால் இப்படி எழுதினால் கதை வெளிநாட்டு வாழ்க்கைக் கட்டுரை ஆகிவிடும்.

ஆ) ‘ரொம்ப நாளா ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்னு’ — கலைமதியின் ஓரக்குறிப்பு உடனே வந்தது: “அண்ணே, எங்க வீட்டுக்காரரு கோபிநாத்தும் இதப் படிக்கிறாரு. அவரு சிரிக்கிறாரு. ஆனாலும் எடுத்துருங்க.” எடுத்தாயிற்று.

இ) ‘நான் பேசுறது கேக்குதா?’

இதற்கு மட்டும் ஓரத்தில் எந்தக் குறிப்பும் வரவில்லை. ரெண்டு நாள் கழித்துத் திறந்து பார்த்தேன், அப்போதும் இல்லை. அதனால் இதை அப்படியே விட்டிருக்கிறேன்.

6.

இங்கே ஒரு வில்லன் வந்தால் கதைக்கு நல்லது. என்னிடம் இருந்தது ஆண்டியப்பன்தான். அந்த மனுஷனை எந்த வில்லத்தனத்துக்குள் அடைத்தாலும் வழுக்கிக்கொண்டு வெளியே வருகிறார்.

அவர் செய்தது இவ்வளவுதான். ஒரு செவ்வாய்க்கிழமை, வீட்டில் தனியாக உட்கார்ந்து ப்ரோக்ராமைப் படித்துக்கொண்டிருந்தவர், பாதியில் நின்ற வரியைப் பார்த்தார். வாராவாரம் இது இப்படியே கிடக்கிறதே, பாவம் எல்லாருக்கும் வேலை என்று நினைத்து முடித்துவிட்டார். ஒருத்தர் தட்டினால் போதாது, அதே லைனில் இன்னொருத்தரும் தட்டிய பிறகே மணியடிக்க வேண்டும் என்று எழுதினார். சோதித்துப் பார்த்தார், பிரமாதமாக ஓடியது. ஷர்லிக்கு அனுப்ப, அவளும் கலைமதியைக் கேட்காமலே சந்தோஷமாகச் சேர்த்துவிட்டாள். புது ஆப் ஊரெல்லாம் போய்ச் சேர்ந்தது. வீண் நடை நின்றது. பயனடைந்தவர்களில் நானும் ஒருத்தன், இப்போதெல்லாம் சோற்றை முழுசாகச் சாப்பிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை எல்லாரும் ஆண்டியப்பனுக்குக் கை தட்டினார்கள். கலைமதியும் தட்டினாள். பிறகு வீடியோவை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் நின்றாள். வருகிறவனுக்கென்று எடுத்து வைத்த சோற்றை வேறு யாரோ சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கழுவி வைத்த மாதிரி இருந்தது. திட்டவும் முடியவில்லை, வாழ்த்தவும் மனசு வரவில்லை.

மறுநாள் ஆண்டியப்பனுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். மைக்கை மூடியது, பதிவில் பார்த்தது, அந்த வரி யாருக்காக நிற்கிறது என்பது.

“எனக்குத் தெரியாதே ஆத்தா. வெலாசம் பாதியில நிக்கிற தபாலாட்டம் கெடந்துச்சு. பார்த்துட்டுச் சும்மா இருக்க முடியல. இப்பவே அழிச்சுடுறேன்” என்றார்.

வேண்டாம் என்றாள். ஜனங்கள் நடக்கிற நடை நின்றிருக்கிறது, அதைக் கெடுக்கக் கூடாது. ஆனால் கிழவர் விடவில்லை. ஷர்லியைப் பிடித்துக் கேட்டுக் கேட்டு, பழைய பாதி வரியைத் தோண்டி எடுத்து, தனிக் கிளையாக வைத்து, அதற்கு அறிவுச்செல்வன் என்று பேரும் போட்டுக் கலைமதியிடம் காட்டினார். ஓரத்தில் வைத்தாலும் ஆள் பேர் சொல்லி வைக்கலாம் என்று அவளுக்கு அப்போதுதான் தோன்றியது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை கூட்டம் தொடங்கும்போது முதலில் அதைத் திறந்து ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் மற்ற வேலை. கூட்டம் இன்னும் வெள்ளிக்கிழமைதான்.

7.

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் சில இருக்கின்றன. அறிவுச்செல்வன் மாத்தூர் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி — சினிமா. கத்தாரிலிருந்து ஒரு துயரச் செய்தி — அதை எழுத என் கை ஓடாது, அவன் எனக்கும் வேண்டியவன் ஆகிவிட்டான். போன் தொலைந்து புது நம்பர் — நிஜத்தில் இப்படித்தான் நடக்கும், கதையில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை, கூட்டம் நடுவில் ஓடிக்கொண்டிருக்கும்போது ‘கெஸ்ட்’ என்று ஒரு பேர் உள்ளே வந்தது. வீடியோ இல்லை. மைக்கின் மேல் சிவப்புக் கோடு. “அண்ணே, மறுபடியும் நீங்களா?” என்று ஷர்லி என்னைக் கேட்டாள். நான் சொந்தப் பேரில், வறுத்த கடலையைக் கொறித்துக்கொண்டு, ஒழுங்காக உட்கார்ந்திருந்தேன். ஆண்டியப்பனும் இருந்தார். பழைய ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் லிங்க் கொடுக்கவில்லை.

கலைமதி வேலையை நிறுத்தினாள். அடுத்தவர் மைக்கை மூட அவளால் முடியும், திறக்க முடியாது. திறக்கச் சொல்லி ஒரு வேண்டுகோள் அனுப்பலாம், அவ்வளவுதான். அனுப்பினாள். ஒன்றும் நடக்கவில்லை. மைக்கை நெருங்கிப் பேசினாள்.

“அறிவு, நீங்கதானான்னு தெரியாது. நீங்கன்னா கேட்டுக்குங்க. அன்னைக்கி ஒங்க மைக்க மூடுனது நான். தொறக்க மறந்துட்டேன். நீங்க பேசுனத நாங்க கேக்காம இருக்கல, கேக்க விடாமப் பண்ணிப்புட்டேன். நீங்க என்னமோ கேட்டுட்டு எங்களையே பாத்துக்கிட்டு இருந்தீங்க. அத நான் நெறைய தடவ பாத்துட்டேன். இப்பக் கேளுங்க.”

அறிவுச்செல்வன் கிளையைத் திறந்தாள். பாதி வரி அப்படியே நின்றது. கையைக் ‘கெஸ்ட்’டுக்கு மாற்றினாள். நாங்கள் எல்லாரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நான் கடலை மெல்வதைக்கூட நிறுத்தினேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியும். எழுதியும் விட்டேன். கலைமதி ஓரத்தில் ஒரே ஒரு குறிப்புப் போட்டார்: ‘முடிச்சுறாதீங்கண்ணே. வழக்கம் தெரியும்ல.’ அழித்துவிட்டேன். இதுவரை கை நான், வாய் அவர்கள். இங்கே கை உங்களுக்கு மாறுகிறது. தெரியாதவர் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதினாலும் சரி, அவன்தான் என்று எழுதினாலும் சரி, உங்கள் பாடு. ஒன்று மட்டும் என் கண்ணால் பார்த்தது, அதை மாற்றாதீர்கள். சிவப்புக் கோடு மறைந்தது. உள்ளேயிருந்து வெறும் இரைச்சல்தான் வந்தது, நிறையப் பேர் இருக்கிற அறையின் இரைச்சல். பேச்சு ஒன்றும் இன்னும் வரவில்லை. யாரும் எதுவும் கேட்பதற்கு முன்னாலேயே கலைமதி சொன்னாள்:

“கேக்குது. நல்லா கேக்குது.”

பாதி வரியின் முனையில் கர்சர் வந்து நின்றது.

கரண்டு வந்ததும்